இதர விவகாரங்கள்

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
ஒன்று: சாலை.
இரண்டு: மேய்ச்சல் நிலத் தகராறு.
மூன்று: காணாமல் போன மூன்று குதிரைகள்.
அதற்கே மதியமாகிவிடும்.
ஏழாவதாக எப்போதும் இதர விவகாரங்கள்.
நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தத்தில்தான்
அதை நான் எழுதுவேன்.

மே மாதக் கூட்டத்தில் யாராலும் வெளியேற முடியவில்லை.
வாசலை அடைத்துக்கொண்டு பதினான்கு பெண்கள்.
மார்பில் ஊக்கு குத்திய கம்பளிப் போர்வைகள்,
முழங்கால் வரை செங்கு ஆற்றின் சேறு.

என்ன வேண்டும் என்றார் தலைவர்.
மண்ணெண்ணெய், என்றாள் முன்னால் நின்றவள்.
மாதம் இருபது லிட்டர். ஆகஸ்ட் முடியும் வரை.

சுகாதார நிலையத்தின் பின்புறம் ஒரு வீடு இருக்கிறது.
மாதம் நெருங்கியவர்கள் மலையிலிருந்து இறங்கி
வலி காணும்வரை தங்குவதற்கு.
திறப்பு விழாவுக்கு ஆடு அடித்தோம்.
ஆறு கட்டில், ஒரு கணப்பு அடுப்பு.
அடுப்புக்கு எண்ணெய் யார் தருவது என்று
எந்தத் தாளிலும் இல்லை,
என் தாளிலும்தான்.
சுவரின் உட்புறம் உறைபனி பூக்கும் அறையில்
நிறைமாதக்காரி எத்தனை இரவு படுப்பாள்?
வீட்டிலேயே இருந்துவிடுகிறாள்.
பிறகு நள்ளிரவில், கொட்டும் பனியில், குதிரைமேல்.
குதிரைக்கு என்ன தெரியும்,
விரைந்தாலும் தப்பு, நின்றாலும் தப்பு என்று.

விண்ணப்பம் கொடுங்கள், பார்க்கலாம்.
கொடுத்தோம், மூன்று தடவை.
யாரிடம்?
விரல் என்னைக் காட்டியது.
இதர என்று தலைப்பிட்ட கோப்பில்
மூன்றும் கசங்காமல் இருந்தன.

வந்தவர்கள் பெயரையாவது எழுதிக்கொள் என்றார்.

எங்கள் லெசோத்தோ வழக்கம் அறியாதவர்களுக்கு:
மணமாகி வந்த அன்றே பெண்ணுக்குப் பெயர் மாறும்.
இன்னும் கருவாகாத பிள்ளைக்குப் புகுந்த வீடு பெயர் வைத்து
அதன் அம்மா என்று இவளை அழைக்கும்.
பிள்ளை வந்தாலும், வராவிட்டாலும்,
வந்து போய்விட்டாலும்
அந்தப் பெயரில்தான் தண்ணீருக்குப் போவாள்,
அந்தப் பெயரில்தான் கடன் வாங்குவாள்.

மா-புலெங். மா-லினேயோ. மா-மொலியேஹி.
ஐந்தாமவள் குனிந்து என் தாளைப் பார்த்தாள்.
செலிசோவுக்கு
எஸ் எழுத்தின் தலையில் ஒரு கொக்கி வரும்,
விட்டுவிட்டீர்கள்.
போட்டேன்.
வேறெங்கும் அவன் பெயரை யாரும் எழுதவில்லை, என்றாள்.
பிறப்புப் பதிவில் இல்லை. மற்றதிலும் இல்லை.

பேனா சற்று நேரம் எழுத மறுத்தது.
குளிரில் மை அப்படித்தான் செய்யும்.

பதினான்கு முடிந்தது.
மா-தெபோஹோ, என்றாள் கடைசியில் நின்றவள்.
உங்கள் பெயரை முன்பே எழுதிவிட்டேனே.
இது என் பெயரில்லை. எழுதுங்கள்.
வந்திருக்கிறாரா?
இல்லை. போன ஜூலையிலிருந்து இல்லை.
பிள்ளை வந்திருக்கிறான்.
அவள் முதுகுப் போர்வையிலிருந்து
காலுறை கழன்ற ஒரு பாதம் மட்டும் தெரிந்தது.
பதினைந்து என்று எழுதினேன்.

பத்து லிட்டர், என்றார் தலைவர்.
யாரும் நகரவில்லை.
பன்னிரண்டு.
குறிப்பெழுதுபவன் கூட்டத்தில் பேசக் கூடாது.
மூன்றாம் பொருளை மட்டும், சரிபார்ப்பதற்காக,
குதிரை தேட ஒதுக்கிய தொகையோடு
உரக்க ஒருமுறை வாசித்தேன்.
பதினாறு, என்றார் என்னை முறைத்துக்கொண்டே.

மா-லினேயோ விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.
அப்படியென்றால் மாதத்தில் ஆறு நாள் குளிரும்.
ஜூனில் வருகிறோம்.

நாற்காலிகள் நகர்ந்தன.
அவர்கள் ஆற்றைக் கடந்து போயிருப்பார்கள்.
நான் உட்கார்ந்து
அடுத்த கூட்டத்தின் நிரலைத் தட்டச்சு செய்கிறேன்.
ஒன்று: மீதி ஆறு நாள்.
சாலை இரண்டாவதாக இருக்கட்டும்,
அது எங்கும் ஓடிப்போகாது.
குதிரைகளில் இரண்டு
நேற்றே தாமாகத் திரும்பிவிட்டன.